ஊசியப் பாத்தாலே மயங்குறவங்களுக்கு சிசேரியன்: முதுகு ஊசியா, எபிடூரலா, முழு மயக்கமா?

சிசேரியனுக்கு தேதி குறிச்சாச்சு, ஆனா ரத்தம் எடுக்க கைய நீட்டினாலே கண்ணு இருட்டிக்கிட்டு வருது, இதுல முதுகுல ஊசி போட்டா என்ன ஆவேன், பேசாம முழு மயக்கமே குடுத்துடச் சொல்லிடலாமா? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. சமீபத்துல அம்மாபேட்டையில இருந்து ஒரு பொண்ணு கேட்டுச்சு, அப்புறம் ஏற்காட்டுல இருந்து ஒரு அண்ணன் தன் சம்சாரத்துக்காக கேட்டாரு, அவங்களுக்கு மொத பிரசவத்துல முதுகு ஊசி போட்ட உடனே பல்ஸ் கொறஞ்சு மயங்கிட்டாங்களாம், ரெண்டாவதுக்கு அந்த ஊசியே வேணாம்னு அழுறாங்களாம்.

நான் சேலத்துல ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருக்கேன். டாக்டர் கிடையாது. ஆனா மயக்க டாக்டர் பக்கத்துல நின்னு மருந்து எடுத்துக் குடுக்குற, அம்மா கையப் புடிச்சுக்கிட்டு மானிட்டரப் பாத்துக்கிட்டு இருக்குற வேலை என்னோடது, அதனால இத எழுதலாம்னு நெனக்கிறேன். என் கருத்த மொதல்லயே சொல்லிடுறேன்: மயக்கம் வரும்ங்கற ஒரே காரணத்துக்காக முழு மயக்கத்துக்கு ஓடாதீங்க, அதே மாதிரி மயக்கம் வரும்ங்கறத மறைச்சு வச்சுக்கிட்டு முதுகு ஊசிக்கும் போகாதீங்க. கடைசி முடிவு உங்கள செக் பண்ற மயக்க டாக்டரோடதுதான், ஆனா அவர்கிட்ட என்ன பேசணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லது.

## எதை எதை வச்சு எடை போடணும்

நான் பாக்குறது ஆறு விஷயம். மயக்கம் எந்த நேரத்துல, எதனால வருது. அம்மாவோட மூச்சுக்குழாய்க்கு எவ்ளோ பாதுகாப்பு. குழந்தைக்கு என்ன மருந்து போகுது. எவ்ளோ அவசரம். ஆபரேஷன் முடிஞ்ச பிறகு வலி, தலைவலி, எந்திரிக்கிறது எப்படி. அப்புறம் செலவு, அதுவும் பில்லுல மொதல்ல தெரியாத செலவு.

இதுல மொத விஷயத்துலதான் எல்லாரும் கொழம்புறாங்க, அதனால அத மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லிடுறேன். தியேட்டர்ல மயக்கம் வர்றது ஒரே ஒரு காரணத்தால இல்ல.

மொத வகை, ஊசிப் பயத்துல வர்ற மயக்கம். ஊசிய, ரத்தத்தப் பாத்ததும் வேகஸ்னு ஒரு நரம்பு வேலைய ஜாஸ்தி பண்ணி இதயத் துடிப்பக் கொறச்சிடும், அதே நேரம் ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சுக்கும், பிபி எறங்கி மூளைக்குப் போற ரத்தம் கொறையும், ஆள் சாஞ்சுடுவாங்க. வேசோவேகல்னு சொல்லுவாங்க. கொட்டாவி, வேர்வை, காது அடைக்கிறது, குமட்டல், பார்வை மங்குறது எல்லாம் முன்னாடியே காட்டிக் குடுக்கும். பசி, தண்ணி கொறவு, வெக்கை, உக்காந்தே இருக்குறது இதெல்லாம் சேந்தா இன்னும் சுலபமா வரும். சேலத்து ஏப்ரல் மே வெயில்ல வெறும் வயித்தோட ஆஸ்பத்திரி வராண்டாவுல காத்திருந்துட்டு உள்ள வர்றவங்களப் பாத்திருக்கேன், அவங்களுக்கு ஊசி குத்துறதுக்கு முன்னாடியே மொகம் வெளுத்திருக்கும்.

ரெண்டாவது வகை, மருந்து வேலை செய்யுறதால வர்றது. முதுகு ஊசி மருந்து வலி நரம்ப மட்டும் மரத்துப் போக வைக்கிறதில்ல, ரத்தக்குழாய இறுக்கமா வச்சிருக்குற நரம்பையும் சேத்து நிறுத்திடும். காலு, இடுப்பு பக்கம் ரத்தக்குழாய் எல்லாம் தளந்து ரத்தம் அங்கயே தேங்கிடும். சிசேரியனுக்கு மார்புக் காம்பு மட்டம் வரைக்கும் மரத்துப் போகணும், அந்த உயரத்துக்குப் போனாத்தான் உள்ள இழுக்குற வலி தெரியாது. ஆனா இதயத்த வேகமாக்குற நரம்பு கெளம்புறதும் நெஞ்சோட அந்த மேல் பகுதியில இருந்துதான், அதுவும் கொஞ்சம் அடைபட்டுடுது. முன்னெச்சரிக்கையா எந்த மருந்தும் குடுக்கலன்னா பத்துல ஏழு எட்டு பேருக்கு வரைக்கும் பிபி எறங்கும்னு சொல்றாங்க, அதனால பிபி எறங்குறது உங்க ஒடம்போட பலவீனம்னு நெனச்சுக்காதீங்க.

மூணாவது, இந்த ரெண்டும் சேர்ற இடம். இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் ரொம்ப கொறஞ்சு போச்சுன்னா, தண்ணி இல்லாத போர்ல மோட்டார் ஓடுற மாதிரி இதயம் காலியா அழுத்திச் சுருங்கும். அப்ப இதயத்தோட கீழறை சுவர்ல இருக்குற சென்சார் நரம்பு தப்பா ஒரு தகவல் அனுப்பும், ஒடனே வேகஸ் நரம்பு துடிப்ப மெதுவாக்கிடும். ஏற்கனவே பிபி எறங்கிக் கெடக்கு, இப்ப பல்ஸும் எறங்குது. பெசோல்ட்-யாரிஷ் ரிஃப்ளெக்ஸ்னு இதுக்குப் பேரு, பெசோல்டும் ஹிர்ட்டும் 1867-லயே இத எழுதி வச்சாங்க, யாரிஷ் பிறகு 1930-கள்ல அத இன்னும் தெளிவாக்குனாரு. சாதாரணமா பிபி எறங்குனா பல்ஸ் ஏறணும். ரெண்டும் சேந்து எறங்குதுன்னா மயக்க டாக்டர் கை ரொம்ப வேகமா போறத நீங்க பாக்கலாம்.

இது போக வயித்துப் பாரம் இருக்கு. மல்லாக்கப் படுத்தா கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய் மேல உக்காந்துடும், இதயத்துக்கு ரத்தம் வர்ற வழியே நசுங்கிடும். வீட்டுல நேரா மல்லாந்து படுத்தா தலைசுத்துதுன்னு சொல்றவங்களுக்கு இதுதான் காரணம், அவங்க இத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.

## ஸ்பைனல், அதாவது ஒரே முதுகு ஊசி

இப்ப நம்ம ஊர்ல பெரும்பாலான சிசேரியன் இதுலதான் நடக்குது. தண்டுவடம் முடிஞ்ச எடத்துக்குக் கீழ, கீழ் முதுகுல ரெண்டு எலும்புக்கு நடுவுல, மெல்லிசான ஊசியில கொஞ்சூண்டு மருந்து, சுமார் ரெண்டு மில்லி. ஒரு சில நிமிஷத்துல காலு சூடாகும், அப்புறம் கனக்கும், பத்து நிமிஷத்துக்குள்ள பெரும்பாலும் ஆபரேஷன் ஆரம்பிக்கலாம்.

மயக்கம்னு பாத்தா ரெண்டு கட்டம். ஊசி குத்துற நேரம் ஒண்ணு, மருந்து ஏறுற மொத பத்து பதினஞ்சு நிமிஷம் இன்னொண்ணு. ஊசிப் பயம் இருக்குறவங்களுக்கு உக்கார வச்சுக் குத்துறதுதான் ஆபத்தான எடம், ஏன்னா தலை மேல, காலு கீழ தொங்குது, குனிஞ்சு வேற இருக்கணும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு போடச் சொல்லிக் கேளுங்க. பல டாக்டருங்க உக்கார வச்சே பழகுனவங்க, அப்பத்தான் எலும்பு எடைவெளி நல்லா தெரியும், குண்டா இருக்குறவங்களுக்கு அதுதான் சுலபமும் கூட, ஆனா மயங்குற ஆள்னு முன்னாடியே சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. படுத்திருக்கும்போது வேசோவேகல் வந்தாலும் விழ எடமில்ல, மூளைக்கு ரத்தமும் சுலபமாப் போகும். முதுகுல மரத்துப்போற க்ரீம் ஒரு மணி நேரம் முன்னாடி தடவிக்கலாம், அதுவும் கேட்டாத்தான் கெடைக்கும்.

ரெண்டாவது கட்டத்துக்கு டாக்டர் கையில நாலு ஆயுதம் இருக்கு. மருந்து போடும்போதே டிரிப்ஸ வேகமா ஓட விடுறது. படுத்ததும் வலது இடுப்புக்குக் கீழ ஒரு வெட்ஜ், அதாவது சாய்வா இருக்குற சின்ன திண்டு, வச்சு இடது பக்கம் சுமார் 15 டிகிரி சாய்க்கிறது. குமட்டலுக்குக் குடுக்குற ஆன்டான்செட்ரான முன்கூட்டியே போடுறது, நான் மேல சொன்ன அந்த சென்சார் நரம்பு செரடோனின்ங்கற ரசாயனம் வழியா தூண்டப்படுது, இந்த மருந்து அந்த வழியத் தடுக்குது, அதனால குமட்டல் மட்டுமில்ல பிபி எறங்குறதும் கொஞ்சம் கொறையும். நாலாவது, முக்கியமானது, பிபிய ஏத்துற மருந்து.

இந்த மருந்துலயும் ஒப்பீடு இருக்கு, சுருக்கமா சொல்றேன். ஃபினைலெஃப்ரின் ரத்தக்குழாய இறுக்கும், குழந்தைக்கு நல்லது, 2018-ல பல நாட்டு மயக்க மருத்துவருங்க சேந்து குடுத்த பரிந்துரையில இதத்தான் மொதல்ல வச்சாங்க, பிபி எறங்குன பிறகு குடுக்குறத விட எறங்காம இருக்க ஆரம்பத்துல இருந்தே மெல்லமா ஓட விடுறது நல்லதுன்னும் சொன்னாங்க. ஆனா இதுக்கு பல்ஸக் கொறைக்கிற கொணம் இருக்கு, ஏற்கனவே பல்ஸ் எறங்குற ஆளுக்கு இத மட்டும் ஏத்திக்கிட்டே போகக்கூடாது. அப்ப எஃபெட்ரின் மாதிரி துடிப்பையும் சேத்து ஏத்துற மருந்து, இல்ல பல்ஸ ஏத்துற அட்ரோபின், க்ளைகோபைரோலேட் தேவப்படும். எஃபெட்ரின் அளவு ஜாஸ்தியானா நஞ்சுக்கொடி தாண்டிப் போயி குழந்தையோட ரத்தத்துல அமிலத்தன்மைய ஏத்தும். நம்ம நாட்டுல ரொம்ப நாளா கையில இருக்குறது மெஃபென்டெர்மின். உங்களுக்கு எது போடணும்னு நீங்க சொல்ல வேண்டியதில்ல, ஆனா "எனக்கு பல்ஸ் எறங்கி மயக்கம் வரும்"னு சொல்லிட்டீங்கன்னா அட்ரோபின் சிரிஞ்சுல எடுத்து ரெடியா வச்சிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு அவ்ளோ மதிப்பு.

மத்த விஷயம் எல்லாத்துலயும் ஸ்பைனல் நல்ல மார்க் வாங்குது. நீங்களே மூச்சு விடுறீங்க, குழந்தைக்கு மருந்து போறது ரொம்ப ரொம்ப கம்மி, அழுகைச் சத்தம் கேக்கலாம், மொகத்தோட மொகம் வச்சுப் பாக்கலாம். மறைஞ்சு இருக்குற செலவுன்னா தலைவலி. நுனி பென்சில் மாதிரி இருக்குற ஊசியில நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குள்ளதான், வெட்டு நுனி ஊசியில அதவிட ஜாஸ்தி. எந்திரிச்சு உக்காந்தா இடிக்கும், படுத்தா கொறையும். பெரும்பாலும் தானா சரியாகும், சிலருக்கு இன்னும் ரெண்டு நாள் படுக்கை, சில பேருக்கு அவங்க ரத்தத்தையே எடுத்து முதுகுல போடுற சிகிச்சை தேவப்படும். பென்சில் முனை ஊசிதானான்னு கேக்குறதுல தப்பே இல்ல.

முதுகு ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலின்னு மாமியார் வீட்டுல சொல்லுவாங்க. புள்ள பெத்த பிறகு இடுப்பு வலி சுகப்பிரசவத்துலயும் வருது, முழு மயக்கத்துலயும் வருது. ஊசி குத்துன எடத்துல சில நாள் வலிக்கலாம், வருஷக்கணக்கா வலிக்கிறதுக்கு ஊசிதான் காரணம்னு நிரூபணம் இல்ல.

## எபிடூரல், இல்லன்னா ரெண்டும் கலந்தது

முதுகுல ஒரு மெல்லிசான குழாய வச்சுட்டு அது வழியா கொஞ்சம் கொஞ்சமா மருந்து ஏத்துறது. மருந்து மெதுவா ஏறுறதால பிபியும் மெதுவாத்தான் எறங்கும், டாக்டருக்கு சமாளிக்க நேரம் கெடைக்கும். இதயத்துல வால்வு பிரச்சனை மாதிரி சில பேருக்கு இந்த மெதுவுதான் தேவப்படுது.

ஆனா ஊசிக்கு பயந்து மயங்குறவங்களுக்கு இது சலுகைன்னு நெனச்சுடாதீங்க. ஊசி தடிமன் ஜாஸ்தி, முதுகுல வேலை நடக்குற நேரமும் ஜாஸ்தி, அவ்ளோ நேரம் அசையாம இருக்கணும். அதாவது மருந்தால வர்ற மயக்கத்துக்கு இது நல்லது, பயத்தால வர்ற மயக்கத்துக்கு இது மோசம். சில நேரம் ஒரு பக்கம் மட்டும் மரத்து இன்னொரு பக்கம் மரக்காம இருக்கும், அப்ப நடுவுல வேற வழிக்கு மாறணும். அந்தத் தடிச்ச ஊசி தவறுதலா தண்டுவடத்தச் சுத்தியிருக்குற உள் சவ்வக் கிழிச்சா, அது நூத்துல ஒருத்தருக்கு போல நடக்கும், தலைவலி வர்ற வாய்ப்பு பாதிக்கும் மேல.

எப்ப இது நல்ல வழின்னா, சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணி வலி கொறைக்க ஏற்கனவே எபிடூரல் குழாய் வச்சிருக்காங்க, நடுவுல சிசேரியன்னு முடிவாகுது. அப்ப புதுசா குத்தவே வேணாம், அதே குழாயில மருந்த ஏத்தினா போதும். கலந்து போடுற முறையில ஸ்பைனல் மருந்த ரொம்ப கம்மியா குடுத்துட்டு மீதிய குழாய் வழியா ஏத்துவாங்க, பிபி எறக்கம் கொறையும். இதுக்குத் தனியா கிட், தனியா சார்ஜ், பழக்கப்பட்ட கை எல்லாம் வேணும். சின்ன நர்சிங் ஹோம்ல எல்லாத்துலயும் இது கெடைக்காது, அதுக்காக அலையவும் வேண்டாம்ங்கறது என் எண்ணம்.

## முழு மயக்கம்

பயந்த பொண்ணுங்களுக்கு இதுதான் ஈர்ப்பு. கண்ண மூடினா ஒண்ணுமே தெரியாது, முழிச்சா குழந்தை. கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஒண்ணு புரிஞ்சுக்கணும். இதுக்கும் கையில ஐவி ஊசி குத்தணும், ஊசியப் பாத்தே மயங்குறவங்களுக்கு அங்கயே பாதி சங்கதி நடந்துடும். தூங்க வைக்கிற மருந்து போட்ட உடனே பிபி எறங்கலாம். கர்ப்பப்பையப் புடிச்சு இழுக்கும்போது, வயித்தோட உள் சவ்வ இழுக்கும்போது வேகஸ் நரம்பு தூண்டப்படுறது முழு மயக்கத்துலயும் நடக்கும், பல்ஸ் எறங்கும், மானிட்டர் கத்தும், நாங்க அட்ரோபின் போடுவோம். உங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான் வித்தியாசம். ஸ்பைனல்ல இருந்தா "அக்கா, குமட்டுது"ன்னு மானிட்டருக்கு முன்னாடியே நீங்க சொல்லிடுவீங்க. என் அனுபவத்துல பிபி எறங்கப் போகுதுன்னு காட்டிக் குடுக்குற மொத அடையாளம் பல நேரம் அம்மாவோட அந்த வார்த்தைதான். முழு மயக்கத்துல அந்த எச்சரிக்கை போயிடுது.

அடுத்தது மூச்சுக்குழாய். மாசமா இருக்குறப்ப தொண்டை சவ்வு வீங்கியிருக்கும், மார்பு பெருசா இருக்கும், ஆக்சிஜன் இருப்பு சீக்கிரம் தீந்துடும், அதனால குழாய் போடுறது கஷ்டம். பல ஆய்வுகளச் சேத்துப் பாத்த கணக்குல பிரசவ கேஸ்ல சுமார் 400 முறைக்கு ஒரு முறை குழாய் போட முடியாமப் போகுது. வயித்துல இருக்குறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போற ஆபத்தும் இருக்கு, மெண்டல்சன்ங்கற டாக்டர் 1946-லயே இத பிரசவ கேஸ்கள வச்சுத்தான் எழுதுனாரு, இன்னைக்கும் சிசேரியனுக்கு முன்னாடி சாப்பிடாதீங்கன்னு கண்டிப்பா சொல்றதுக்கு காரணம் அதுதான். குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியா மருந்து போகும், பொறந்ததும் கொஞ்சம் சோம்பலா இருக்கலாம், குழந்தை டாக்டர் பக்கத்துல இருக்கணும். வாயு மயக்க மருந்து கர்ப்பப்பையத் தளர வைக்கும், ரத்தப்போக்கு ஜாஸ்தியாகலாம்.

இன்னொண்ணு, சிசேரியன்ல குழந்தைய மனசுல வச்சு மருந்த அளந்து குடுக்குறதால பாதி முழிப்பு வர்ற வாய்ப்பு மத்த ஆபரேஷன விட ஜாஸ்தி. பிரிட்டன்ல 2014-ல வந்த பெரிய கணக்கெடுப்புல முழு மயக்க சிசேரியன்ல 670 பேருக்கு ஒருத்தர்னு வந்துச்சு. எதுவும் தெரியக்கூடாதுன்னு நெனச்சு இத எடுக்குறவங்க இதத் தெரிஞ்சுக்கணும். முழிச்ச பிறகு வலியும் உடனே முழுசா தெரியும், ஸ்பைனல்ல சில மணி நேரம் அந்த மரப்பு காப்பாத்தும்.

இவ்ளோ சொன்னாலும் முழு மயக்கம்தான் சரின்னு இருக்குற நேரமும் உண்டு, அத வேணாம்னு அடம் புடிக்கக் கூடாது. ரத்தம் கொட்டுது, குழந்தை துடிப்பு விழுந்துடுச்சு, நிமிஷக் கணக்குல எடுக்கணும். ரத்தத் தட்டு (பிளேட்லெட், ரத்தம் உறைய உதவுற அணு) ரொம்ப கம்மி, 70,000-க்கும் கீழ இருந்தா முதுகுல குத்த யோசிப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டு கொஞ்ச நேரம்தான் ஆச்சு. முதுகுல சீழ், புண்ணு. வலிப்பு வந்து நெனவில்லாம கொண்டு வந்திருக்காங்க. இல்லன்னா எவ்ளோ சொல்லியும் ஒருத்தரால முதுகு ஊசிய ஏத்துக்கவே முடியல, அசையாம இருக்கவே முடியல, அப்ப பலவந்தமா குத்துறத விட இதுதான் பாதுகாப்பு.

## ஒரே பார்வையில

| விஷயம் | ஸ்பைனல் | எபிடூரல் | முழு மயக்கம் |
|---|---|---|---|
| ஊசிப் பயத்துல மயங்குறது | படுத்துப் போட்டா நல்லா கொறையும் | நேரம் ஜாஸ்தி, சிரமம் | ஐவி ஊசியோட சரி |
| மருந்தால பிபி எறங்குறது | வேகமா, ஆனா தடுக்க வழி நெறைய | மெதுவா | உண்டு, உங்களுக்குத் தெரியாது |
| ஆரம்பிக்க ஆகுற நேரம் | சில நிமிஷம் | புதுசா போட்டா 20 நிமிஷத்துக்கு மேல | ரொம்ப வேகம் |
| குழந்தைக்குப் போற மருந்து | மிகக் கம்மி | கொஞ்சம் | ஜாஸ்தி |
| மூச்சுக்குழாய் ஆபத்து | கம்மி | கம்மி | இதுதான் பெரிய கவலை |
| பிறகு | சிலருக்கு தலைவலி | சவ்வு கிழிஞ்சா கடும் தலைவலி | தொண்டை வலி, உடனே வலி |

## பில்லுல தெரியாத விஷயம்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய எடத்துல மயக்க டாக்டருங்க 24 மணி நேரமும் உள்ளயே இருப்பாங்க. தனியார் சின்ன ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலும் வெளியில இருந்து வர்ற மயக்க டாக்டர்தான், அவரு ஒரு எடத்துல முடிச்சுட்டு இன்னொரு எடத்துக்கு ஓடிக்கிட்டு இருப்பாரு. அதுல தப்பு சொல்ல வரல, நெறைய பேரு ரொம்ப திறமையானவங்க. ஆனா மயக்கம் வர்ற சரித்திரம் இருக்குற ஒருத்தருக்கு நான் மொதல்ல கேக்கச் சொல்றது காசு இல்ல: ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு மாத்துற வரைக்கும் டாக்டர் இருப்பாரா? ஏன்னா குழந்தை வெளிய வந்த பிறகும் பிபி விளையாடும். கர்ப்பப்பை சுருங்க ஆக்ஸிடோசின் போடுவாங்க, அத வேகமா தள்ளினா பிபி டபக்குன்னு எறங்கும், மெதுவா குடுக்கணும். கர்ப்பப்பைய வெளிய எடுத்து வச்சுத் தைக்கும்போது மறுபடியும் குமட்டல் வரும். பிறகு ஸ்ட்ரெச்சருக்கு மாத்தும்போது ஒரு தடவ.

காசு விஷயத்துல, மயக்க டாக்டர் ஃபீஸ் பேக்கேஜ்ல அடங்குதா, எபிடூரல் கிட் தனியா, முழு மயக்கம்னா எக்ஸ்ட்ரா எவ்ளோ, தலைவலி வந்து ரெண்டு நாள் கூட இருந்தா என்னன்னு அட்மிஷனுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. தமிழ்நாட்டுல 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல கிட்டத்தட்ட 45 சதவீதம் பிரசவம் சிசேரியன்னு வந்திருக்கு, தனியார்ல அதவிட ரொம்ப ஜாஸ்தி. இவ்ளோ வீட்டுல நடக்குற விஷயத்துல கேள்வி கேக்க கூச்சப்படாதீங்க.

## யாருக்கு எது

ஊசி, ரத்தம் பாத்தா மட்டும் மயக்கம், மத்தபடி நல்ல ஆரோக்கியம், தேதி குறிச்ச சிசேரியன்: ஸ்பைனல், படுத்த நெலையில, ஐவி ஊசி போடும்போதும் படுத்தே. ஊசி குத்துறதுக்கு முன்னாடி கை, தொடைய இறுக்கிப் புடிச்சு சில விநாடி வச்சு விடுற பயிற்சிய ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் செஞ்சு பழகலாம், பிபி ஏறி மயக்கத்தத் தடுக்கும், ஆனா உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, முதுகுல ஊசி இருக்குறப்ப மட்டும் இறுக்கவே கூடாது.

நடந்தா, மாடி ஏறினா மயக்கம் வருது, இல்ல படபடப்போட வருது, இல்ல குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்க: இங்க ஸ்பைனலா முழு மயக்கமாங்கற கேள்வியே அப்புறம். மொதல்ல ஈசிஜி, எக்கோ எடுங்க. சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிக் கெடக்குறது நம்ம பக்கம் இன்னும் இருக்கு, அவங்களுக்கு ஸ்பைனல்ல திடீர்னு பிபி எறங்குறது ரொம்ப ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரியில மெதுவான எபிடூரலோ முழு மயக்கமோ யோசிச்சு செய்யுவாங்க. ஈசிஜியில க்யூடி (இதயத்தோட மின் ஓட்டம் ஒவ்வொரு துடிப்புலயும் எடுத்துக்குற நேரம்) நீளம்னு சொல்லியிருந்தா ஆன்டான்செட்ரான் போடுற முன்ன அதச் சொல்லணும்.

ரத்த சோகையோட மயக்கம்: ஹீமோகுளோபின ஏத்துறதுக்கு மாசக்கணக்குல நேரம் இருக்குறப்பவே ஏத்திக்கோங்க, தேதி நெருங்கி வந்து தவிக்க வேணாம்.

பிபி ஜாஸ்தியா இருக்கு, ப்ரீஎக்ளாம்சியான்னு சொல்லிட்டாங்க, அதனால ஸ்பைனல் ஆகாதுன்னு நெனக்கிறவங்க இருக்காங்க. ரத்தத் தட்டு நல்லா இருந்தா ஸ்பைனல் அவங்களுக்கும் போடலாம், சொல்லப்போனா பிபி எறக்கம் அவங்களுக்கு மத்தவங்கள விட கம்மியாத்தான் வருது.

## ஏற்காட்டுல இருந்து வர்றவங்களுக்கு

ஏற்காட்டு அண்ணன் கேட்டதுக்குத் தனியா பதில் சொல்லணும். மலையில இருந்து ஆபரேஷன் அன்னைக்குக் காலையில வெறும் வயித்தோட கெளம்பாதீங்க. 20 கொண்டை ஊசி வளைவும் எறங்குறதுக்குள்ள வாந்தி எடுத்து, தண்ணியும் குடிக்காம, அடிவாரம் வந்ததும் அந்தக் குளிர்ல இருந்து நேரா சேலத்து வெக்கையில வந்து நின்னா, நான் மேல சொன்ன மயக்கத்துக்கு வேண்டியது எல்லாம் ஒடம்புல தயாரா இருக்கும். முந்தின நாளே எறங்கி வந்து சொந்தக்காரங்க வீட்டுலயோ வார்டுலயோ தங்குங்க. பொதுவா லேசான சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தணும், ஆனா தண்ணி, பால் கலக்காத காபி, டீ எல்லாம் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்ங்கறதுதான் இப்ப உள்ள வழிமுறை. பல எடத்துல நைட்டு பத்து மணிக்கு மேல தண்ணி கூட கூடாதுன்னு பழைய மாதிரியே சொல்லிடுறாங்க, மதியம் வரைக்கும் காத்திருக்குற அம்மா நாக்கு வறண்டு கெடப்பாங்க. எத்தன மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்னு மயக்க டாக்டர்கிட்டயே நேரா கேட்டு வாங்கிக்கோங்க.

அடுத்தது அவரோட முக்கியமான கேள்வி, போன தடவ ஸ்பைனல்ல பல்ஸ் எறங்கி மயங்குனவங்களுக்கு இந்தத் தடவயும் அதேவா? போன தடவ என்ன நடந்துச்சுன்னு பாக்காம சொல்ல முடியாது. அன்னைக்கு மயக்க டாக்டர் எழுதுன சார்ட் இருக்கும், அதுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பிபி, பல்ஸ், என்ன மருந்து எவ்ளோன்னு குறிச்சிருப்பாங்க, டிஸ்சார்ஜ் சம்மரியில அது வராது. பழைய ஆஸ்பத்திரியில கேட்டா ஜெராக்ஸ் குடுப்பாங்க, நம்ம கேக்குறதுக்கு உரிமை இருக்கு. ஊசி குத்துறதுக்கு முன்னாடியே பல்ஸ் எறங்கியிருந்தா அது பயம், இந்தத் தடவ படுக்க வச்சுப் போட்டா போதும். மருந்து போட்டு அஞ்சு பத்து நிமிஷத்துல ரெண்டும் எறங்கியிருந்தா அது அந்த ரிஃப்ளெக்ஸ், இந்தத் தடவ டிரிப்ஸ், சாய்வு, ஆன்டான்செட்ரான், பிபி மருந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்தே ரெடி பண்ணுவாங்க. மரப்பு கழுத்து வரைக்கும் ஏறி, கை வலுவிழந்து, மூச்சு விட, பேச சிரமமா இருந்துச்சுன்னா அது வேற, மருந்து ரொம்ப மேல ஏறியிருக்கு, இந்தத் தடவ அளவ மாத்துவாங்க இல்ல வழியவே மாத்துவாங்க. மூணும் வெளியில பாக்க "மயங்கிட்டாங்க"தான், ஆனா மூணுக்கும் இந்தத் தடவ பண்ண வேண்டியது வேற வேற. அண்ணே, அந்த சார்ட்ட வாங்கிக்கிட்டு, ஒம்பதாம் மாச செக்கப்புக்கு வர்றப்ப மகப்பேறு டாக்டர்கிட்ட காட்டுனதோட நிக்காம, மயக்க டாக்டர ஒரு தடவ தனியாப் பாக்கணும்னு கேளுங்க, அக்காவையும் கூட்டிட்டுப் போயி அவங்க வாயாலயே அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்ல விடுங்க.